மேம்பாலத்தில் ஓர் இரவு

புயல் என்று செய்தி வந்த மாலையிலேயே
வேளச்சேரி மேம்பாலத்தில் இடம் பிடித்துவிட்டேன்.
எனக்கு முன்னால் அறுபது வண்டிகள்,
பின்னால் எண்ணவில்லை.
கைப்பிடிச் சுவரை ஒட்டி, மூக்கும் வாலுமாய்,
மழைக்குப் பயந்து மேடேறியவை.

வாங்கி நாற்பத்தோரு நாள்.
சீட்டின் பாலிதீன் உறையை இன்னும் கழற்றவில்லை.
தவணை அறுபது மாதம்,
பதினெட்டாயிரத்து நானூறு, ஐந்தாம் தேதி.
சபைக்குக் கொடுப்பதை
அடுத்த மாதம் சேர்த்துக் கொடுக்கலாம்.
ஐந்தாம் தேதியிடம் அப்படிப் பேச முடியாது.

தினமும் விடியுமுன் பக்கெட்டோடு இறங்குவேன்.
கண்ணாடி, கதவு, கடைசியில் சக்கரம்.
சக்கரத்துக்கு மண்டி போட வேண்டும்.
போடுவேன்.
ஞாயிறு ஆராதனையில்
மூட்டுவலி என்று உட்கார்ந்தே ஜெபிக்கிற அதே ஆள்.

முன்வண்டிக்காரர் டயருக்கடியில் வைத்த எலுமிச்சையை
மழை உருட்டிக்கொண்டு போனது.
குடையோடு அதன் பின்னால் ஓடினார்.
சிரித்தேன்.
சிரித்துவிட்டு, என் போனட்டில் கிளை ஏதும் விழுந்ததா என்று
நாலாவது முறை டார்ச் அடித்துப் பார்த்தேன்.

முழு இரவு ஜெபத்தில்
பதினோரு மணிக்கே கொட்டாவி விடுகிறவன் நான்.
அன்று ஒரு இமை மூடவில்லை.
என்ன ஒரு பக்தி.

ஒன்றே முக்காலுக்கு எமீமா கூப்பிட்டாள்.
"தண்ணி உள்ள வந்துருச்சுங்க.
எதை முதல்ல பரண்ல ஏத்த?"
ஒப்பித்தேன்: இன்வெர்ட்டர், மிக்ஸி, மெத்தை,
பீரோ கீழ்த்தட்டில் லோன் பேப்பர் வைத்த மஞ்சள் பை.
நான் கேட்காததை அவளே சொன்னாள்:
"ஷெரின் டேபிள் மேல உட்கார்ந்திருக்கா. பயமில்ல."
கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.
பிறகு,
"உங்க பைபிளைக் காணோமே. எங்க வச்சீங்க?"

டேஷ்போர்டைத் திறந்தேன்.
சர்வீஸ் புத்தகத்துக்கு அடியில்,
பார்க்கிங் சீட்டுகளுக்கும் தலைவலித் தைலத்துக்கும் நடுவில்.
வண்டி வந்த அன்று நான்தான் வைத்தேன்.
படிக்க அல்ல.
காவலுக்கு.

ஆண்டவரைச் சம்பளமில்லாமல்
வாட்ச்மேன் வேலைக்கு அமர்த்தியிருந்தேன்,
வெள்ளை நிற வண்டி ஒன்றுக்கு.
அவரும் நாற்பத்தோரு நாளாய்
பேசாமல் அந்த இருட்டுக்குள் இருந்திருக்கிறார்.

பெரிய வெளிச்சம் ஒன்றும் இறங்கிவிடவில்லை.
கை நடுங்கியது, அவ்வளவுதான்.
முன் சீட்டின் பாலிதீனைக் கிழித்து
புத்தகத்தைச் சுற்றிக்கொண்டு இறங்கினேன்.
பாலம் முடிகிற இடத்தில் திரும்பிப் பார்த்தேன்.
ஒரு தடவை அல்ல.
சாவியை அழுத்தி, தூரத்தில் விளக்கு மின்னியபின்தான்
கால் தண்ணீரில் இறங்கியது.

விஜயநகரில் முழங்கால்.
ராம் நகர் திரும்பியதும் இடுப்பு.
புத்தகம் தலைமேல்.
எங்கள் வாசலில் காகித நட்சத்திரம் கரைந்துபோய்
குச்சிகள் மட்டும் தொங்கின.

பரணில் எதுவும் ஏறியிருக்கவில்லை.
மெத்தை ஊறிக்கிடந்தது, மிக்ஸி குடித்து முடித்திருந்தது.
மேஜைமேல் ஷெரின்,
அவள் மடியில் பின்வீட்டுக் காஞ்சனாவின் கைக்குழந்தை,
பக்கத்தில் காஞ்சனாவின் மாமியார், ஒரு கோழி.
எமீமா என்னை ஒன்றும் கேட்கவில்லை.
"அந்த ஓரத்தைப் பிடிங்க, மேஜை ஆடுது" என்றாள்.
பிடித்துக்கொண்டே ஜெபித்தேன்.
மண்டியிட நினைத்தேன்,
இட்டிருந்தால் மூழ்கியிருப்பேன்.

வண்டிக்கு ஒரு கீறல் இல்லை.
அதில் எனக்கு வந்த சந்தோஷத்தை
இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.
ஐந்தாம் தேதி தவணை போனது.

இப்போதும் துடைக்கிறேன். கண்ணாடி, கதவு.
சக்கரத்துக்கு மட்டும்
நீளக் கைப்பிடி வைத்த பிரஷ் ஒன்று,
ரங்கநாதன் தெருவில் நூற்றிருபது ரூபாய்.
குனிந்தால் போதும்.

இருப்பது ஒரே ஜோடி முழங்கால்.